அப்பாவின் ரொட்டித் துண்டு

பருத்திப் பண்ணை, தெற்குக் கஸாக்ஸ்தான்
12 ஜூலை 1949

அன்புள்ள தெஸ்பினா அக்காவுக்கு,

சிமேலா எழுதுகிறேன். நான், அநேஸ்தி, என் மாமியார் பெலாகியா அத்தை மூவரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். நீயும் வாலிகோ அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கடிதத்தின் மேலே இருக்கும் ஊரைப் பார்த்து நீ சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆமாம், நாங்கள் கிரீஸில் இல்லை.

அன்று விடியும் முன்னே சிப்பாய்கள் வந்து, "ரெண்டு மணி நேரம். எடுக்கிறதை எடுத்துக்குங்க" என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. நம் கையில் இருப்பது கிரேக்க பாஸ்போர்ட், வேறு எங்கே அனுப்பப்போகிறார்கள்? சுகுமியில் எங்கள் தெரு முழுக்க அதே பேச்சுதான். அத்தைக்கு இருபது வயது குறைந்துவிட்டது. நான் கம்பளியைச் சுருட்டினால் கையைத் தட்டிவிட்டார். "ஏண்டி, ஏதென்ஸ்ல எதுக்குடி கம்பளி? அந்த ஊர்ப் பொம்பளைங்க நம்மளை மலைக்காட்டு ஜனம்னு நினைக்கணுமா? பின்னல் மேஜைவிரிப்பை எடு. காப்பிக் கோப்பையை எடு!" எடுத்தேன். நான்கு கம்பளிகளையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு காப்பிக் கோப்பைகளோடு கிளம்பினேன். அநேஸ்தி கல்யாணக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சரக்கு ரயிலில் ஏறினார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கதவிடுக்கில் கடல் தெரிந்தது. பெட்டியே எழுந்து நின்று கை தட்டியது. அத்தை தொப்பி வைத்துக்கொண்டு, "கப்பல் எங்கடா, கப்பல்?" என்று கேட்டார். ரயில் நிற்கவில்லை. அது காஸ்பியன் கடலாம். அப்போதும் அநேஸ்தி, "சுத்து வழியா இருக்கும்" என்றார். அடுத்த வாரம் ஓர் ஒட்டகம் தண்டவாளத்தோரம் நின்று எங்களைப் பார்த்தது. அதற்கப்புறம்தான் டையைக் கழற்றினார்.

இங்கே ஒரு மண் அறை கொடுத்திருக்கிறார்கள். பருத்தி வேலை. புகையிலை இலையை ஊசியில் கோத்த கைகளுக்கு இது பழகிவிடும். பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா கஸாக் பெண். நாங்கள் வந்து இறங்கிய அன்றே ஒரு பானை புளித்த பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச மொழி இல்லாமல் என் வயிற்றைத் தடவிவிட்டுப் போனார்.

வயிற்றில் இருப்பது அக்டோபரில் வரும். கல்யாணத்தில் எங்கள் தலையில் மணமுடி மாற்றி வைத்தவள் நீ. முதல் பிள்ளையைத் தண்ணீரில் முக்கிப் பெயர் சொல்ல வேண்டியவளும் நீதான். அதுவரை அதற்குப் பெயர் கிடையாது. பெற்ற எனக்கே முன்கூட்டித் தெரியக்கூடாது. ஆகவே எப்படியாவது வந்துசேர்.

அப்பா வந்தால் எங்கள் முகவரியைக் கொடு. பத்து வருஷம், கடிதம் எழுத அனுமதி இல்லை என்று சொல்லித்தானே முப்பத்தெட்டில் கூட்டிப்போனார்கள்? பத்து போன வருஷமே முடிந்துவிட்டது. வந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லாத வீடென்று திரும்பிப்போய்விடக் கூடாது.

ருஷ்ய மொழியில் எழுதினால்தான் கடிதம் சீக்கிரம் போகுமாம். பிழைகளை மன்னி.

உன் தங்கை,
சிமேலா


சுகுமி
20 ஆகஸ்டு 1949

பிரியமுள்ள சிமேலாவுக்கு,

உன் கடிதம் கண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நானும் அத்தானும் நலம். முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது.

நீ கிரீஸில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாய் என்று இரண்டு மாதமாகப் பொறாமைப்பட்டேன். புருஷன் ஜார்ஜியன் என்பதால் என் பெயர் பட்டியலில் இல்லை. 'இவரைக் கட்டிக்கொண்டதால் கப்பலைத் தவறவிட்டேனே' என்று அத்தானிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நானே போய்ப் பேசிவிட்டேன்.

உன் வீட்டில் வேறு குடும்பத்தைக் குடிவைத்திருக்கிறார்கள். கதவைத் தட்டிக் கம்பளி கேட்டேன். அந்தப் பெண் நல்லவள், இரண்டைக் கொடுத்தாள், இரண்டை வைத்துக்கொண்டாள். அந்த இரண்டோடு என்னுடைய இரண்டையும் சேர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன். பெலாகியா அத்தையிடம் ஏதென்ஸில் குளிர் அதிகம் என்று சொல்.

சித்தப்பா வந்தால் நேராக என்னிடம்தான் வருவார். வந்த அன்றே தந்தி கொடுப்பேன்.

பிள்ளை நடக்க ஆரம்பிக்கும் முன் நான் அங்கே இருப்பேன். பெயரைப் பற்றி மட்டும் கேட்காதே. நான் சொல்லமாட்டேன், உனக்குத் தெரியும்.

அன்புடன் முத்தங்கள்,
தெஸ்பினா


பருத்திப் பண்ணை
2 நவம்பர் 1949

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் நலம், நால்வரும். ஆம், நால்வர்! அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, பருத்திக் குவியலுக்குப் பக்கத்தில் வலி எடுத்து, ஆயிஷா அக்கா வீட்டில் பிறந்தான். ஆண். நாலு கிலோ இருப்பான் என்கிறார்கள். தராசு பருத்தி நிறுக்கப் போயிருந்ததால் யாருக்கும் சரியாகத் தெரியாது.

உடனே தொல்லை ஆரம்பித்தது. இங்கே எங்களுக்கெல்லாம் ஒரு கமாண்டன்ட், லெப்டினன்ட் கரவாயெவ். போரில் அடிபட்ட கால், நாற்பது வயதிருக்கும். மாதம் ஒருமுறை அவர் முன் நின்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் அடுத்த கிராமத்துக்குக்கூடப் போகக்கூடாது. பிறந்த பிள்ளையையும் பதிய வேண்டும்.

"பேரு?" என்றார்.

"இன்னும் இல்லைங்க."

"சிமேலா பந்தேலியெவ்னா, பத்து நாள் ஆச்சு. பேரில்லாம ஒரு மனுஷனை நான் எப்படி எண்ணுறது?"

"ஞானத்தாய் சுகுமியில இருக்காங்க. அவங்க வந்து சொன்னாத்தான்."

"அவங்க வர்றதுக்கு மேலிடத்து அனுமதி வேணுமே."

"அப்போ மேலிடத்தைக் கேளுங்க, பேரு எங்கேன்னு."

அத்தை என் இடுப்பில் கிள்ளினார். கரவாயெவ் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. 'அநேஸ்தியின் மகன், ஆண்' என்று எழுதிக்கொண்டார். ருஷ்யர் வழக்கப்படி தகப்பன் பெயரோடு சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார். அப்பாவின் பெயரை இங்கே வாய் நிறையச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான், அக்கா. வேடிக்கையாக இருக்கிறது.

அத்தைக்குப் பெயர் விஷயத்தில் சந்தேகமே இல்லை. "மூத்த பையன். என் புருஷன் பேரு இசாக். இதுல யோசிக்க என்னடி இருக்கு? தெஸ்பினாவுக்குத் தெரியாதா?" என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உயிரோடு இருப்பவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நம் இரண்டு வீட்டிலும் கிடையாது. அது ஆயுளைப் பறிப்பது போல. அதனால் அப்பா பெயர் வராது. வராது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம். வராதென்றால் அவர் எங்கோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

சீக்கிரம் வா. ஆயிஷா அக்கா இவனை 'பாலபான்' என்று கூப்பிடுகிறார். கோழிக்குஞ்சு என்று பொருளாம். அதுவே நிலைத்துவிடப்போகிறது.

உன் தங்கை,
சிமேலா


சுகுமி
10 டிசம்பர் 1949

பிரியமுள்ள சிமேலாவுக்கும் அநேஸ்திக்கும்,

சந்தோஷத்தில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, வேலையிடத்தில் எல்லோருக்கும் அத்திப்பழம் கொடுத்தேன். என் ஞானமகனுக்கும் உங்கள் எல்லோருக்கும் நல்ல உடம்பைக் கடவுள் கொடுக்கட்டும்.

ஞானஸ்நானச் சட்டை தைக்கிறேன். ஒரு வயதுக்கு அளவெடுத்துத்தான் தைக்கிறேன், அனுமதி எப்போது வரும் என்று தெரியாதே. மனு கொடுத்துவிட்டேன். அந்த அலுவலகத்துப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒரு பேரு சொல்றதுக்கு நாலாயிரம் கிலோமீட்டரா?" என்றாள். "பேரு கனமா இருக்கும்மா, தபாலில் போகாது" என்றேன்.

பெயர் தயார். வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். பெலாகியா அத்தையைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். இவ்வளவு சொன்னதே அதிகம்.

தெஸ்பினா


பருத்திப் பண்ணை
20 ஜனவரி 1950

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். எல்லோரும் சுகம். கம்பளிகள் நல்லபடியாக வந்துசேர்ந்தன. அத்தை முதல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "ஏதென்ஸ் காத்து உடம்புக்கு ஒத்துக்கலை" என்றார். அநேஸ்தி சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

பழைய காலண்டர் புது வருஷமான புனித பசிலியோஸ் நாளுக்கு ரொட்டி சுட்டேன். வெண்ணெய் இல்லை. ஆயிஷா அக்கா கொடுத்த ஆட்டுக் கொழுப்பில் பிசைந்தேன். அநேஸ்தி வெட்டினார். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது வீட்டுக்கு, அப்புறம் வயதுப்படி ஒவ்வொருவருக்கும். அப்பாவுக்கும் ஒன்று. அம்மா சாகும்வரை வருஷா வருஷம் வெட்டி அலமாரியில் வைத்தாள். அவளுக்கப்புறம் நான் வைக்கிறேன். அப்பாவுக்குக் கருகின ஓரம்தான் பிடிக்கும் என்பதால் ஓரத் துண்டாகப் பார்த்து எடுத்துவைத்தேன். இத்தோடு பன்னிரண்டு துண்டு ஆயிற்று. எல்லாம் காய்ந்து கல்லாகி, கடைசியில் குருவிக்குத்தான் போயிருக்கின்றன.

ஆயிஷா அக்கா அலமாரியைக் காட்டி, "இது யாருக்கு?" என்று கேட்டார். இப்போது அவருக்கு என் ருஷ்யம் புரிகிறது, எனக்கு அவருடைய கஸாக் பாதி புரிகிறது. "அப்பாவுக்கு. வழியில இருக்கார்" என்றேன். அவர் தன் வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

உன் அனுமதி என்ன ஆயிற்று? அநேஸ்தியின் மகன் இப்போது கரவாயெவைப் பார்த்தால் சிரிக்கிறான். எல்லோருக்கும் முன் அவமானமாக இருக்கிறது.

சிமேலா


பருத்திப் பண்ணை
15 மே 1950

தெஸ்பினா அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீ எழுதுவதில்லை.

பிப்ரவரிக்குப் பிறகு ஒரு வரி இல்லை. மூன்று கடிதம் போட்டுவிட்டேன். பிள்ளை உட்கார்ந்தான், தவழ்ந்தான், இரண்டு பல் வந்துவிட்டது. "பல் முளைச்ச பிள்ளைக்கும் பேரில்லைன்னா பேய்க்குத்தான் கொண்டாட்டம்" என்று அத்தை தினமும் புலம்புகிறார். லெஃப்தேர் பெரியவர், ஊரில் கோயில் பாடகராக இருந்தாரே, அவரும் இங்கேதான் இருக்கிறார். ஜெபம் சொல்ல அவர் தயார். பெயர் சொல்லத்தான் ஆள் இல்லை.

அநேஸ்தி சொல்கிறார், "வாலிகோவுக்கு வேலையில ஏதாவது சொல்லியிருப்பாங்க. நம்மளோட சகவாசம் வேண்டாம்னு." அப்படியானால் அதையாவது எழுது. பயம் என்றால் பயம் என்று சொல். நாடு கடத்தப்பட்டவர்கள் பிள்ளைக்கு ஞானத்தாயாக இருக்க வெட்கம் என்றால் அதையும் சொல். நான் வேறு ஆளைப் பார்க்க மாட்டேன், இவன் அநேஸ்தியின் மகனாகவே கிழவனாகட்டும். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கக் காகிதம் வேறு இல்லை, அப்படியே அனுப்புகிறேன்.

சிமேலா


சுகுமி
30 ஜூன் 1950

பிரியமுள்ள சிமேலா,

எல்லோரும் சுகம். அத்தானும் சுகம், அவர் எதையும் தடுக்கவில்லை. அவரைத் திட்டாதே.

மார்ச் மாதம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். தேநீர் குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எழுத உட்காரக் கை வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. வெட்கம் என்ற வார்த்தையை இனி எனக்கு எழுதாதே.

அனுமதி மறுத்துவிட்டார்கள். நான் வர முடியாது. அதனால் பெயரை ஓர் உறைக்குள் ஒட்டி அனுப்புகிறேன். நீ பிரிக்காதே. எனக்குப் பதிலாக பெலாகியா அத்தை பிள்ளையைத் தாங்கிப் பெயர் சொல்லட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாதே, லெஃப்தேர் பெரியவர் படித்து அவர் காதில் சொல்லட்டும். சட்டையும் வருகிறது.

இன்னொன்று. முன்பு நினைத்திருந்த பெயரை மாற்றிவிட்டேன். பெலாகியா அத்தை மன்னிக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே.

பிள்ளைக்குப் பால் குறையாமல் கொடு. நீ நன்றாகச் சாப்பிடு.

தெஸ்பினா


பருத்திப் பண்ணை
3 செப்டம்பர் 1950

அன்புள்ள என் அக்காவுக்கு,

இது தபாலில் வரவில்லை. ஆயிஷா அக்காவின் தம்பி செரிக் ரயில்வேயில் வேலை பார்க்கிறான். உங்கள் பக்கத்துக் கடற்கரை ஓய்வு இல்லத்துக்குச் சீட்டுக் கிடைத்திருக்கிறது. அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நல்ல பையன், வயிறு நிறையச் சாப்பாடு போடு. பதிலையும் அவனிடமே கொடு. நாங்கள் எல்லோரும் நலம். இந்த வரியை எழுதும்போது நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பெயரை மாற்றிவிட்டேன் என்ற உன் கடிதம் வந்த அன்று இங்கே அடுப்பு எரியவில்லை. அத்தை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "என் புருஷன் பேருக்கு என்னடி குறை? அவ தைக்கிற சட்டைக்குப் பொருந்தலையாமா?" என்று கேட்டார். அநேஸ்தி சமாதானம் சொல்லப் போய், அவருக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜூலை கடைசியில் சட்டையும் வந்தது. பெயர் இருந்த உள் உறையை மட்டும் காணோம். கரவாயெவ் முன்னால் போய் நின்றேன்.

"உறைக்குள்ள உறை," என்றார். "விதிப்படி பிரிச்சாகணும். பிரிச்சேன். மேலே அனுப்பியாச்சு."

"படிச்சீங்களா?"

"படிக்கிறதுதானே என் வேலை."

"பேரு ஞாபகம் இருக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இருக்கு. ஆனா உங்ககிட்ட நான் சொல்லக் கூடாதே, சிமேலா பந்தேலியெவ்னா. உங்க சட்டம் அதுதானே?"

நம் சட்டமெல்லாம் அவருக்கு மனப்பாடம், அக்கா. உன் கடிதம், என் கடிதம் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. என் பிள்ளையின் பெயர் போலீஸ்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று நினைத்து, வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அத்தைகூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எந்த நாள்ல செய்யப்போறீங்கன்னு கேட்டாரா?" என்றார். கேட்டிருந்தார். மாதா திருநாளன்று என்று சொல்லியிருந்தேன்.

ஆகஸ்டு இருபத்தெட்டு, பழைய காலண்டர்படி மாதா திருநாள். பெயர் வந்து சேராவிட்டாலும் சொன்ன நாளில் ஆரம்பித்துவிட்டோம். ஆயிஷா அக்கா கறி வேகவைக்கும் பெரிய அண்டாவைக் கொடுத்தார். அத்தை அதைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தார். நான் முறைப்படி கதவுக்கு வெளியே நின்றேன். லெஃப்தேர் பெரியவர் பாட ஆரம்பித்ததும் தெருவில் அந்த நொண்டி நடைச் சத்தம் கேட்டது. பெரியவர் புத்தகத்தைத் துண்டுக்கடியில் திணித்துவிட்டார்.

கரவாயெவ் என்னைத் தாண்டி உள்ளே போனார். "என்ன நடக்குது இங்க?"

"குளியல்," என்றார் அத்தை. பிள்ளை அம்மணமாக அவர் கையில். "பேரப் பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட சட்டத்துல தடை இருக்கா?"

"குளியலுக்குத் தடை இல்லை."

அவர் தொப்பியைக் கழற்றினார். மாதா மாதம் பார்க்கிறேன், ஒருநாளும் அவர் எங்கள் முன்னால் தொப்பியைக் கழற்றியதில்லை. குனிந்து அத்தையின் காதில் ஏதோ சொன்னார். அத்தை சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார், அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சண்டை வரவில்லை. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னை ஒருபோதும் பார்த்ததில்லை. பிறகு பிள்ளையைத் தண்ணீரில் இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி, "பந்தேலி!" என்றார்.

யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் தெருப் பக்கம் திரும்பினேன், அக்கா. உண்மையாகத் திரும்பினேன். தெருவில் யாரும் இல்லை. உள்ளே இரண்டாவது தடவை "பந்தேலி" என்றார் அத்தை. மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்குப் புரிந்துவிட்டது. மார்ச்சில் வந்து தேநீர் குடித்த விருந்தாளி யார் என்று புரிந்துவிட்டது. நீ ஏன் எழுதவில்லை என்றும், பால் குறையாமல் கொடு என்று ஏன் எழுதினாய் என்றும் புரிந்துவிட்டது.

அத்தை பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "அழுதுடுடி. பன்னெண்டு வருஷமா சேத்து வச்சிருக்கே. உங்கப்பனுக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏத்தாம நிக்கிறோம்." அழுதேன். அவரும் அழுதார். இசாக் பெயரைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்தவன் இசாக்" என்று மட்டும் அநேஸ்தியைப் பார்த்துச் சொன்னார். அவர் காது சிவந்துவிட்டது.

கரவாயெவ் கதவருகே நின்று, "நான் இங்க எதையும் பார்க்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரியும், அக்கா. உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க மாட்டோம் என்று நான் எழுதிய கடிதத்தை அவர் படித்திருக்கிறார். அந்தப் பெயரை அவர் மறந்துபோனதாகச் சொல்லியிருக்கலாம், நாங்கள் என்ன செய்திருக்க முடியும்? அவர் மீது இருந்த பாதிக் கோபத்தை விட்டுவிட்டேன். மீதிப் பாதியை வைத்திருக்கிறேன்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். ஆயிஷா அக்கா ஆட்டுக்கறி கொண்டுவந்தார். ஆறு காப்பிக் கோப்பைகளும் முதல் தடவையாக வெளியே வந்தன. காப்பி இல்லை, தேநீர்தான். அநேஸ்தி ஆடினார். நானும் ஆடினேன். அப்பா செத்த செய்தி கேட்ட அன்றே மகள் ஆடினாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். எங்கே இருக்கிறாரோ, குளிரில் இருக்கிறாரோ, பசியோ என்று பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு இரவும் நினைத்தேன். அன்றிரவு அவர் எங்கும் குளிரில் இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் மே மாதம் எழுதியதற்கு உன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது சொல். எப்போது, எப்படி? ஒளிக்காதே, எனக்குப் பால் வற்றாது. பந்தேலி ரொட்டியே தின்கிறான்.

உன் சிமேலா


சுகுமி
29 செப்டம்பர் 1950

என் சிமேலாவுக்கும், என் ஞானமகன் பந்தேலிக்கும்,

இந்தப் பெயரை எழுத எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன்! நாங்கள் நலம். செரிக் மூன்று தட்டுச் சாப்பிட்டான், எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

கேட்டதைச் சொல்கிறேன். வந்தவருக்கு முன்பல் இல்லை. பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கித்தான் விட்டார்களாம். வடக்கே மரம் வெட்டும் முகாமில் சித்தப்பாவும் அவரும் ஒரே பலகையில் படுத்திருக்கிறார்கள். நாற்பத்தொன்று ஜனவரியில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள்தான். கடைசி இரண்டு நாள் நினைவில்லை, வலியும் தெரியவில்லை என்றார்.

காய்ச்சல் வருவதற்கு முன் பசிலியோஸ் நாள். தேதியை எப்படிக் கணக்கு வைத்திருந்தாரோ, தன் பங்கு ரொட்டியை நூலால் அறுத்து மூன்று துண்டாக்கினாராம். ஒன்றைத் தின்றுவிட்டு, "இது என் பொண்டாட்டிக்கு, இது என் பொண்ணுக்கு" என்று இரண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாராம். "அந்தப் பசியிலயும் அந்த மனுஷன் அதைத் தொடலைம்மா" என்றார். அதைச் சொல்லத்தான் அவர் ரயிலைவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

இதைத் தபாலில் எழுத முடியாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. நாலு மாதம் தைத்துத் தைத்துப் பிரித்தேன். பிறகுதான், பெயர் சொல்லும் உரிமை என்னிடம் இருக்கிறதே, அதை யாரும் தடுக்க முடியாதே என்று தோன்றியது. தகப்பன் செய்தியை உனக்கு இப்படிச் சொன்னதற்கு என்னை மன்னி. உன் கையில் பிள்ளை இருக்கும்போது நீ கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

கோயிலில் அவருக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன். கோயில் ஜெபப் பட்டியலில் உயிரோடு இருப்பவர்கள் வரிசையிலிருந்து அவர் பெயரை எடுத்து, இறந்தவர்கள் வரிசையில் கொடுத்தேன். பின்னாலேயே உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் மறுபடியும் எழுதச் சொன்னேன். பாதிரியார் குழம்பிப்போனார்.

பெலாகியா அத்தையின் கையை எனக்காக முத்தமிடு.

தெஸ்பினா


பருத்திப் பண்ணை
17 ஜனவரி 1951

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

புது வருஷம் உங்களுக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். இங்கே பனி முழங்கால் அளவு. எல்லோரும் சுகம். அத்தைக்கு மட்டும் இருமல். அதுவும் அநேஸ்தியைத் திட்டும்போது நின்றுவிடுகிறது.

இது தபாலில் வருகிறது, அதனால் கரவாயெவுக்கும் என் புது வருஷ வாழ்த்தைச் சொல்லிக்கொள்கிறேன். பதிவேட்டில் பந்தேலி அநேஸ்தியெவிச் என்று மாற்றி எழுதியிருக்கிறார். கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

பசிலியோஸ் நாளுக்கு ரொட்டி சுட்டேன். இந்த வருஷம் கொஞ்சம் வெண்ணெயும் கிடைத்தது. அடுப்புப் பக்கம் ஓரம் கருகிவிட்டது, நான் கவனிக்கவில்லை. அநேஸ்தி வெட்டினார். கிறிஸ்துவுக்கு, வீட்டுக்கு, அத்தைக்கு, அவருக்கு, எனக்கு. கடைசியில், "பந்தேலிக்கு" என்று சொல்லி ஒன்று வெட்டினார். நான் பழக்கத்தில் அதை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனேன். பாதி வழியில் என் பாவாடையை யாரோ பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தால், நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் என் பிள்ளை, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

கொடுத்தேன். கருகின ஓரத்தைத்தான் முதலில் கடித்தான். அப்புறம் ஒரு துணுக்குக்கூட விடாமல் தின்று முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அழுதான்.

இந்த வருஷம் குருவிகளுக்கு ஒன்றுமில்லை.

உன் சிமேலா